ஒளிக்குக் காத்திருக்கும் மருந்து

மருந்தை உட்கொண்டால் அது தானே வேலை செய்யும் என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. காய்ச்சலுக்கு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போர்த்துக்கொண்டு படுத்தால் போதும். மற்றதை மருந்து பார்த்துக்கொள்ளும். ஆனால், உடலுக்குள் சென்ற பின்னும் வாளா இருந்து, குறித்த நிறமுள்ள ஒளி தன்மேல் விழும்போது மட்டும் விழித்தெழுந்து, தான் தங்கியிருக்கும் புற்றுநோய் அணுக்களை மாய்க்கும் மருந்துகளும் உள. இவற்றை ஒளியுணர் மருந்துகள் என்பர். இவற்றைக் கொண்டு செய்யும் வைத்திய முறைக்கு ஒளி இயக்கச் சிகிச்சை என்று பெயர்.

இச்சிகிச்சையில் ஒரு விந்தை உண்டு. மருந்தை ஊசி வழியே செலுத்திய மருத்துவர் உடனே ஒளியைப் பாய்ச்சிவிடுவதில்லை. ஒரு மருந்துக்குக் கால் மணி நேரம் காத்திருக்கிறார். மற்றொன்றுக்கு நான்கு மணி நேரம். இன்னொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள். வேறொன்றுக்கு நான்கு நாட்கள். ஏன் இத்தனை வேற்றுமை? அந்த இடைவேளையில் மருந்து எங்கே செல்கிறது, எங்கே தங்குகிறது, எப்பொழுது வெளியேறுகிறது? இவ்வினாக்கள் ஆராய்ச்சியாளரின் அறிவுப் பசிக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடலாகாது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நோயாளி வெயிலில் நடக்கலாமா, கூடாதா என்பதும் இவற்றின் விடையையே பொறுத்திருக்கிறது.

ஒளியும் மருந்தும் கூடி உடலில் வேலை செய்யும் என்பது நம் நாட்டவருக்குப் புதிய செய்தியன்று. நாட்டு மருந்துக் கடைகளில் கார்போக அரிசி என்று கேட்டு வாங்கும் விதையை நேயர்களில் பலர் அறிந்திருக்கக்கூடும். வடமொழியில் அதற்குப் பாகுசி என்று பெயர். உடலில் வெண்புள்ளி தோன்றியவர்களுக்கு அவ்விதையை மருந்தாகக் கொடுத்து, வெயிலில் நிற்கச் செய்வது பண்டை வைத்திய முறை. அவ்விதையில் உள்ள சோராலன் என்னும் பொருள், சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் தோலின் அணுக்களில் வினை புரிகிறது. அளவறியாமல் கையாண்டால் தோல் கொப்புளித்துப் போகும். ஆதலின் தாமாக முயலத்தக்கதன்று. நாம் இங்குப் பேசப்போகும் புற்றுநோய் மருந்துகள் வேறு இனத்தவை. அவை வேலை செய்யும் வழியும் வேறு. ஆயினும், மருந்து ஒரு பாதி, ஒளி மறுபாதி என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

இத்துறையின் தொடக்கம் ஜெர்மனி தேசத்து மியூனிக் நகரில் நிகழ்ந்தது. அங்குப் பேராசிரியர் ஹெர்மன் ஃபொன் டப்பைனரிடம் பயின்ற ஆஸ்கர் ராப் என்னும் மாணவர், அக்ரிடின் என்ற சாயப் பொருள் பரமீசியம் எனப்படும் நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு நஞ்சாகிறது என்று ஆராய்ந்து வந்தார். ஒரே அளவு சாயத்தில், ஒளி மிகுந்த வேளையில் அந்நுண்ணுயிர்கள் விரைவில் மடிந்தன. ஒளி குன்றிய வேளையில் நெடுநேரம் உயிரோடிருந்தன. சாயம் மட்டும் கொல்வதில்லை, ஒளி மட்டும் கொல்வதில்லை, இரண்டும் சேர்ந்தே கொல்கின்றன என்ற உண்மை 1900-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மூன்றே ஆண்டுகளில், 1903-இல், டப்பைனரும் யெஸியோனெக் என்ற மருத்துவரும் தோலில் தோன்றிய கட்டிகள் மீது இயோசின் என்னும் சாயத்தைப் பூசி ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தனர். இவ்வினைக்குப் பிராணவாயுவும் வேண்டும் என்பதையும் டப்பைனரின் குழுவினரே கண்டறிந்தனர்.

பூசும் மருந்து பூசிய இடத்தில் இருக்கும். இரத்தத்தில் செலுத்தும் மருந்து எங்கே போகும்? இதற்கு முதல் விடையைத் தம் உடலையே பணயம் வைத்துத் தந்தவர், ஃபிரீட்ரிக் மையர்-பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர். இரத்தத்தின் செந்நிறப் பொருளிலிருந்து பெறப்படும் ஹெமட்டோபோர்ஃபிரின் என்னும் பொருளை, 200 மில்லிகிராம் அளவில், 1912-இல் அவர் தமக்குத் தாமே செலுத்திக்கொண்டார். பின்னர் வெயில் பட்ட அவருடைய முகமும் கைகளும் கடுமையாக வீங்கின. வெயிலைத் தாங்கமாட்டாத அந்நிலை சுமார் இரண்டு மாதங்கள் நீடித்தது. ஒரே நாளில் செலுத்திய மருந்து, இரத்தத்தைவிட்டு நீங்கிய பின்னும், தோலில் பல வாரங்கள் தங்கியிருக்கிறது என்ற அரிய பாடத்தை அவருடைய துன்பம் உலகுக்குக் கற்பித்தது.

பின்னர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில் ரிச்சர்டு லிப்சன் என்பவர் ஹெமட்டோபோர்ஃபிரினிலிருந்து ஆக்கிய ஒரு கலவையைக் கையாண்டார். அம்மருந்து கட்டிகளில் மிகுதியாகத் தங்கி, ஊதா ஒளியில் செந்நிறமாக ஒளிர்வதை அவர் கண்டார். பஃபலோ நகரில் ராஸ்வெல் பார்க் நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் டோஹர்ட்டி, இதே இன மருந்தையும் செந்நிற ஒளியையும் கொண்டு 25 நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். 113 கட்டிகளில் 111 முழுமையாகவோ ஒரு பகுதியோ கரைந்தன என்பது அவ்வறிக்கையின் செய்தி. அவ்வழியில் வளர்ந்த போர்ஃபைமர் சோடியம் என்னும் மருந்து 1993-இல் கனடாவிலும், 1995-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது.

நிற்க. ஒளி பட்டதும் உண்மையில் நிகழ்வது யாது? மருந்தின் மூலக்கூறு ஒளியின் சக்தியை வாங்கிக்கொள்கிறது. வாங்கிய சக்தியைத் தன்னருகே உள்ள பிராணவாயுவுக்குத் தந்துவிடுகிறது. அவ்வாறு கிளர்ச்சியுற்ற பிராணவாயு, அணுவின் சவ்வுகளையும் புரதங்களையும் தாக்கி அழிக்கிறது. ஆனால் அதன் ஆயுள் மிகமிகச் சிறிது. ஒரு தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு தூரம்கூடச் செல்லுமுன் அது அடங்கிவிடும். ஆகவே, ஒளி படும் அந்த வேளையில் மருந்து எங்கே இருக்கிறதோ, அங்கே மட்டுமே அழிவு நேரும். இரத்தக் குழாயில் இருந்தால் இரத்தக் குழாய் அழியும். புற்றணுவின் உள்ளே இருந்தால் புற்றணு அழியும். நல்ல தோலில் இருந்தால் நல்ல தோல் வெந்துபோகும். காத்திருக்கும் காலத்துக்கு இத்தனை மதிப்பு ஏற்பட்டதன் காரணம் இதுதான்.

மருந்து உடலில் பரவும் முறையை, ஆற்றுநீர் வயலுக்குப் பாயும் முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மதகைத் திறந்தவுடன் நீர் முதலில் வாய்க்காலில் மட்டும் ஓடுகிறது. பிறகு தலைமடை வயல்கள் நனைகின்றன. கடைமடைக்கு நீர் செல்ல நேரம் பிடிக்கிறது. மதகை மூடிய பின், வாய்க்கால் முதலில் வற்றும். நல்ல வடிகால் உள்ள வயல்களும் விரைவில் வடியும். வடிகால் இல்லாத பள்ளமான வயலில் மட்டும் நீர் தேங்கி நிற்கும்.

உடலிலும் நிகழ்வது ஏறத்தாழ இதுவே. இரத்தக் குழாய்களே வாய்க்கால்கள். இம்மருந்துகளில் பல நீரில் எளிதில் கரையாதவை. ஆகையால் அவை இரத்தத்தில் உள்ள ஆல்புமின் முதலிய புரதங்களையும், கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதங்களையும் பற்றிக்கொண்டு பயணம் செய்கின்றன. முதல் சில நிமிடங்களில் மருந்து பெரும்பாலும் குழாய்களுக்குள்ளேயே இருக்கும். பின்னர் குழாயின் மெல்லிய சுவரைக் கடந்து திசுக்களில் இறங்குகிறது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள நுண்குழாய்ச் சுவர்கள் பெரிய இடைவெளிகளை உடையவை. ஆதலின் அவ்வுறுப்புகள் மிகுந்த மருந்தை விரைவில் வாங்கிக்கொள்கின்றன. மூளையிலோ குழாய்ச் சுவர் நெருக்கமாக அடைக்கப்பட்டிருப்பதால், நோயற்ற பகுதிக்குள் மருந்து எளிதில் நுழைவதில்லை.

புற்றுநோய்க் கட்டி, கரை உடைந்த வாய்க்காலும் வடிகால் அற்ற நிலமும் சேர்ந்த வயலைப் போன்றது. கட்டி அவசரமாக வளர்வதால், அதன் குழாய்கள் ஒழுங்காக அமையாமல் ஆங்காங்கே கசிகின்றன. அக்கசிவின் வழியே மருந்து உட்புகுகிறது. திசுக்களில் மிஞ்சிய நீரை வடித்துச் செல்லும் நிணநீர்க் குழாய்களும் கட்டிக்குள் செம்மையாக அமைவதில்லை. ஆகவே, புகுந்த மருந்து எளிதில் வெளியேறுவதில்லை. மேலும், விரைந்து பெருகும் புற்றணுக்களுக்குத் தம் சவ்வுகளைக் கட்டக் கொழுப்புப் பொருள் மிகுதியாக வேண்டும். அதைச் சுமந்து வரும் புரதங்களைப் பல புற்றணுக்கள் ஆவலோடு இழுத்துக்கொள்கின்றன. அப்புரதங்களோடு மருந்தும் உள்ளே சென்றுவிடுகிறது.

ஆனால், கட்டிக்குள்ளும் கடைமடை உண்டு. நுண்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு அப்பால் இருக்கும் அணுக்களுக்கு மருந்து மெல்ல மெல்லவே சென்று சேர்கிறது. பிராணவாயுவும் அங்குக் குறைவாகவே கிட்டும். அவசரப்பட்டு ஒளியைப் பாய்ச்சினால், குழாயை ஒட்டிய அணுக்கள் மடியலாம். தொலைவில் உள்ளவை தப்பிவிடும். அளவுக்கு மீறிக் காத்திருந்தாலோ, கட்டியில் உள்ள மருந்தும் வடிந்துபோகும். சூழ்ந்துள்ள நல்ல திசுவில் மருந்து குறைந்து, கட்டியில் இன்னும் நிறைந்து நிற்கும் ஓர் இடைக்காலம் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதே இத்துறை ஆராய்ச்சியாளரின் முக்கியப் பணி. மருந்து செந்நிறமாக ஒளிரும் இயல்புடையதாதலால், எந்தத் திசுவில் எந்த நேரத்தில் எவ்வளவு உள்ளது என்பதை அவ்வொளிர்வைக் கொண்டே அளக்கிறார்கள்.

இனி, மருந்துக்கு மருந்து காலம் மாறுவதைச் சில எடுத்துக்காட்டுகளால் காண்போம். போர்ஃபைமர் சோடியம், உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 2 மில்லிகிராம் வீதம் நரம்பு ஊசி வழியே தரப்படுகிறது. உணவுக்குழாயை அடைத்திருக்கும் புற்றுநோய்க்கு, ஊசி போட்டு 40 முதல் 50 மணி நேரம் கழித்து, மெல்லிய கண்ணாடி இழை வழியே 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிற லேசர் ஒளியை உட்செலுத்துகின்றனர். வேண்டுமாயின், ஊசி போட்டு 96 முதல் 120 மணி நேரத்துக்குள், புதிதாக மருந்து கொடாமலேயே இரண்டாம் முறையும் ஒளி பாய்ச்சலாம். நான்கைந்து நாட்களுக்குப் பிறகும் கட்டியில் போதிய மருந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஐரோப்பாவில் 2001-இல் அனுமதி பெற்ற டெமோபோர்ஃபின், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு உரியது. இது மெதுவாகப் பரவும் இயல்பினது. ஊசி போட்டு நான்கு நாட்கள் கழித்தே ஒளி தரப்படும். ஜப்பானில் 2003-இல் அனுமதி பெற்ற டாலபோர்ஃபின், நீரில் எளிதில் கரையக்கூடியது. நான்கு மணி நேரத்தில் ஒளிக்கு ஆயத்தமாகிவிடுகிறது. 2017-இல் ஐரோப்பாவில் விந்துப்பைச் சுரப்பிப் புற்றுநோயின் தொடக்க நிலைக்கு அனுமதி பெற்ற படெலிபோர்ஃபின், குழாய்களைவிட்டு வெளியேறுவதே இல்லை எனலாம்; அதனால் மருந்து ஏறி முடிந்தவுடன் ஒளி பாய்ச்சப்படுகிறது. இங்கு நோக்கமே வேறு. கட்டிக்கு உணவூட்டும் இரத்தக் குழாய்களை அடைத்து, அதைப் பட்டினி போடுவதே கருத்து. கண் நோய்க்குப் பயன்படும் வெர்ட்டிபோர்ஃபினும், மருந்து ஏறத் தொடங்கிய 15 நிமிடங்களில் ஒளி பாய்ச்சப்பெற்று, விழித்திரைக்கு அடியில் தோன்றும் தீய குழாய்களை அடைக்கிறது. வாய்க்காலை அடைக்க வேண்டுமாயின் நீர் வாய்க்காலில் ஓடும்போதே அடைக்க வேண்டும். வயலில் வேலை செய்ய வேண்டுமாயின் நீர் வயலுக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இவற்றினும் வேறுபட்டது அமினோலெவுலினிக் அமிலம். கனடாவில் கென்னடி, பாட்டியர் ஆகியோர் 1990-இல் இதன் பயனை எடுத்துக்காட்டினர். இது தானே ஒளியுணர் மருந்தன்று. நம் உடல் இரத்தத்தின் செந்நிறப் பொருளை ஆக்கும்போது இடையில் தோன்றும் மூலப்பொருள். இதை மிகுதியாகத் தந்தால், அணுக்கள் இதைப் புரோட்டோபோர்ஃபிரின் என்னும் ஒளியுணர் பொருளாக மாற்றுகின்றன. அதில் இரும்பைச் சேர்த்து முடிக்கும் கடைசி வேலை பல புற்றணுக்களில் தாமதப்படுவதால், அங்கு அப்பொருள் சில மணி நேரத்தில் குவிந்துவிடுகிறது. மூளைக் கட்டிகளில் சிலவற்றுக்கு அறுவை செய்யுமுன், சுமார் மூன்று மணி நேரத்துக்கு முன்பாக இதைக் குடிக்கக் கொடுக்கின்றனர். நீல ஒளியில் கட்டி செந்நிறமாக ஒளிர்வதால், எதை அகற்றுவது, எதை விடுவது என்று அறுவை மருத்துவர் கண்டுகொள்கிறார். ஓரிரு நாட்களில் உடல் அப்பொருளைத் தானே மாற்றித் தீர்த்துவிடுகிறது.

இவ்வளவும் கேட்டபின், மருந்து கட்டியை மட்டுமே தேடிச் செல்கிறது என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். பல மருந்துகளில், கட்டியில் உள்ள அளவு அடுத்துள்ள திசுவினதைவிடச் சில மடங்கே அதிகம். கல்லீரலில் கட்டியைக் காட்டிலும் மிகுதியாகவும் இருக்கக்கூடும். ஆனால் கல்லீரலில் ஒளி படுவதில்லை. அதனால் அங்குள்ள மருந்து தீங்கின்றி மெல்லக் கழிந்துபோகிறது. மருந்தின் இருப்பிடமும் ஒளியின் இலக்கும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்திலேதான் சிகிச்சை நிகழ்கிறது.

இதன் குறைபாடும் இதிலிருந்தே பிறக்கிறது. இரவில் கைவிளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்களின் ஊடே செந்நிறம் மட்டும் கசியும். செந்நிற ஒளி மற்ற நிறங்களைவிடத் தசையில் ஆழமாகச் செல்லும். ஆயினும் அதன் பயன் ஒரு சென்டிமீட்டர் அளவோடு பெரும்பாலும் நின்றுவிடும். உடலெங்கும் பரவிவிட்ட புற்றுநோய்க்கு இம்முறை உதவாது. மேலும், ஒளியை மிகக் கடுமையாகப் பாய்ச்சினால், திசுவில் உள்ள பிராணவாயு தீர்ந்துபோய் வினை நின்றுவிடும். அதனால் ஒளியை மெதுவாகவோ, இடையிடையே நிறுத்தியோ தரும் முறையும் ஆராயப்பெற்று வருகிறது.

இனி, நோயாளியும் அவரைப் பேணுவோரும் அறிய வேண்டுவதைச் சொல்லி முடிக்கிறேன். லேசர் அணைந்தவுடன் சிகிச்சை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் தோலில் தங்கிய மருந்துக்கு லேசரும் ஒன்றுதான், நண்பகல் வெயிலும் ஒன்றுதான். போர்ஃபைமர் சோடியம் பெற்றவர் குறைந்தது 30 நாட்களாவது கண்ணையும் தோலையும் நேர் வெயிலிலிருந்தும், அருகில் எரியும் கடுமையான விளக்குகளிலிருந்தும் காக்க வேண்டும். சிலருக்கு இந்நிலை 90 நாட்களும் நீடிப்பதுண்டு. பல் மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், அவருடைய விளக்கும் தீங்கு செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெயில் தடுப்புக் களிம்பு பூசிக்கொண்டால் போதும் என்று சிலர் நினைக்கலாம். அக்களிம்புகள் புற ஊதாக் கதிரைத் தடுக்க ஆனவை. இம்மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. ஆகவே அவற்றால் பயனில்லை. அதே காரணத்தால், சன்னல் கண்ணாடியும் காவலாகாது. சிகிச்சைக்காக வெளியூர் சென்று ரயிலில் திரும்புவோர், பகற்பயணமாயின் சன்னலோர இருக்கையைத் தவிர்த்து, முழுக்கை ஆடை, கையுறை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, கருங்கண்ணாடி ஆகியவற்றோடு செல்வது நலம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அஞ்சி நடுங்கி, நாள் முழுவதும் இருட்டறையில் அடைந்து கிடப்பதும் போர்ஃபைமர் சோடியத்துக்கு ஏற்றதன்று. வீட்டுக்குள் பரவும் மென்மையான வெளிச்சம், தோலில் உள்ள மருந்தைச் சிறிது சிறிதாக, வலியின்றிச் சிதைத்துவிடுகிறது. இருட்டிலேயே இருப்பவருக்கு மருந்து அப்படியே தங்கியிருக்கும். பிறகு வெளியே வந்ததும் துன்பம் நேரும். 30 நாட்கள் கழிந்தபின், முகத்தை விடுத்து வேறு ஒரு சிறு பகுதியைப் பத்து நிமிடம் வெயிலில் காட்டி, 24 மணி நேரத்துக்குள் சிவப்போ வீக்கமோ கொப்புளமோ தோன்றாவிட்டால், மெல்ல மெல்ல வெளியே நடமாடலாம். தோன்றினால், இன்னும் இரு வாரங்கள் பொறுத்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

இவ்விதி எல்லா மருந்துக்கும் பொதுவன்று. டெமோபோர்ஃபின் பெற்றவர் முதல் நாள் திரையிட்ட அறையிலேயே இருந்து, நாளுக்கு நாள் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வெர்ட்டிபோர்ஃபினுக்கு ஐந்து நாட்களும், அமினோலெவுலினிக் அமிலத்தைக் குடித்தவருக்கு ஓரிரு நாட்களும் எச்சரிக்கை போதும். ஆதலின், மருத்துவமனையைவிட்டுப் புறப்படுமுன் மூன்று கேள்விகளைத் தவறாது கேட்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எனக்குத் தந்த மருந்தின் பெயர் என்ன? எத்தனை நாள் வெயிலைத் தவிர்க்க வேண்டும்? வீட்டு வெளிச்சத்தில் எவ்வளவு இருக்கலாம்? மொழி தெரியாத ஊரில் சிகிச்சை பெறுவோர், மொழி அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று இவற்றைக் கேட்டறிவது இன்னும் நல்லது. ஊசியின் தழும்பு மறைந்த பின்னும் மருந்து தோலில் காத்திருக்கக்கூடும். அது நீங்கும்வரை நோயாளியும் பொறுத்திருத்தல் வேண்டும்.